ஒழுங்கற்ற உலோகத்தாலான மிக மெல்லிய கம்பியில் வெப்பம் எப்படிச் செல்கிறது?

சில பத்து நானோமீட்டர் தடிமனே உள்ள உலோகக் கம்பியில், அதுவும் மாசு அணுக்களும் படிகக் குறைகளும் மலிந்த கம்பியில், வெப்பம் எவ்வாறு கடத்தப்படுகிறது, தடித்த கம்பிகளுக்குப் பாடநூல்கள் சொல்லும் விதிகள் அங்கும் செல்லுமா என்பது கேள்வி. ஒழுங்கின்மை கூடினால் விதிகள் உடைந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. ஒழுங்கின்மை வெப்பம் கடத்தப்படும் அளவைக் குறைக்கிறதே தவிர, வெப்பக் கடத்தலுக்கும் மின்கடத்தலுக்கும் இடையிலுள்ள உறவைக் குலைப்பதில்லை. பல சூழல்களில் அந்த உறவை அது இன்னும் செம்மையாகவே ஆக்குகிறது. உறவைக் குலைப்பது, எலக்ட்ரான் தன் ஆற்றலை வேறெதனோடாவது பகிர்ந்துகொள்ளும் மோதல். ஆகவே கம்பி எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டிலும், ஆற்றலைப் பகிர்வதற்கு முன் எலக்ட்ரான் எவ்வளவு தூரம் செல்கிறது, அந்தத் தூரத்தோடு ஒப்பிட்டால் கம்பியின் நீளம் என்ன என்பதே முதலில் கேட்கவேண்டியது.

உலோகத்தில் வெப்பத்தைச் சுமப்பவை இரண்டு: கடத்தும் எலக்ட்ரான்களும், அணுக்களின் கூட்டதிர்வுகளான ஃபோனான்களும். நல்ல உலோகத்தில் எலக்ட்ரான்களின் பங்கே மிகுதி. மின்னோட்டத்தைச் சுமப்பவையும் அதே எலக்ட்ரான்கள் என்பதால், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்றாகக் கடத்துகிறது. இதை 1853இல் வீடெமானும் ஃப்ரான்ஸும் அளந்து காட்டினார்கள்; இரண்டு கடத்துதிறன்களின் விகிதம் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்பதை 1872இல் லோரென்ஸ் சேர்த்தார். 1900இல் ட்ரூட் தந்த விளக்கம் அளந்த எண்ணுக்கு வியப்பூட்டும் அளவு அருகில் வந்தது. ஆனால் அதில் எலக்ட்ரான்களின் வெப்ப ஏற்புத்திறன் ஏறத்தாழ நூறு மடங்கு மிகையாகவும், அவற்றின் வேகத்தின் வர்க்கம் ஏறத்தாழ நூறு மடங்கு குறைவாகவும் கொள்ளப்பட்டிருந்தன. இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டன. எலக்ட்ரான்கள் குவாண்டம் புள்ளியியலுக்குக் கட்டுப்பட்டவை என்பதைக் கொண்டு 1928இல் சொம்மர்ஃபெல்ட் சரியான எண்ணைத் தந்தார். வெப்பக் கடத்துதிறனை மின்கடத்துதிறனாலும் வெப்பநிலையாலும் வகுத்தால் கிடைக்கும் அந்த எண், லோரென்ஸ் எண், 2.44 × 10⁻⁸ வாட்-ஓம்/கெல்வின்². இதில் போல்ட்ஸ்மன் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் மட்டுமே உள்ளன. எந்த உலோகம் என்பதற்கே இடமில்லை.

அறை வெப்பநிலையில் செம்பின் மின்தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம்-மீட்டர். மேற்சொன்ன உறவின்படி, அதாவது வீடெமான்-ஃப்ரான்ஸ் விதிப்படி, அதன் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு 430 வாட் என வரவேண்டும். அளந்தால் கிடைப்பது சுமார் 400. இந்தச் சிறு குறைவு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மெல்லிய கம்பியின் கதையில் பாதி விளங்கிவிடும்.

எலக்ட்ரானுக்கு நேரும் மோதல்கள் இருவகை. மாசு அணு, காலியான அணு இடம், படிக மணிகளின் எல்லை, கம்பியின் புறப்பரப்பு ஆகியவற்றில் மோதும் எலக்ட்ரான் திசை மாறுகிறது. அதன் ஆற்றல் மாறுவதில்லை. இது மீட்சி மோதல். ஃபோனானோடு மோதும்போது திசையும் மாறலாம், ஆற்றலும் கூடலாம் அல்லது குறையலாம். மின்னோட்டத்தை நிறுத்த எலக்ட்ரானின் திசையைத் திருப்பியாக வேண்டும். வெப்ப ஓட்டத்தை நிறுத்த அதைத் திருப்பத் தேவையில்லை. அதே திசையில் போகவிட்டு, அது சுமக்கும் மிகை ஆற்றலைப் பறித்துக்கொண்டாலே போதும். மீட்சி மோதல்கள் மட்டுமே இருக்கும்போது ஒவ்வோர் ஆற்றல் மட்டத்திலும் உள்ள எலக்ட்ரான்கள் மின்னூட்டத்தையும் ஆற்றலையும் ஒரே தடையோடு எடுத்துச்செல்கின்றன. லோரென்ஸ் எண் அப்படியே நிற்கிறது. குறைந்த ஆற்றலுள்ள ஃபோனான்களோ எலக்ட்ரானைச் சிறு கோணத்திலேயே திருப்புகின்றன, ஆனால் அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. எனவே மிகத் தூய செம்பைச் சில பத்து கெல்வினுக்குக் குளிர்வித்தால் லோரென்ஸ் எண் தன் கொள்கை மதிப்பில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அறை வெப்பநிலையில் கண்ட சிறு குறைவுக்கும் இதுவே காரணம்.

இப்போது அதே செம்பை மெல்லிய கம்பியாக ஆவிப்படிவு முறையில் உருவாக்குவோம். அறை வெப்பநிலையில் தூய செம்பில் எலக்ட்ரானின் சராசரி மோதலிடைத் தூரம் 39 நானோமீட்டர். கம்பியின் அகலமும் தடிமனும் அந்த அளவை நெருங்கும்போது புறப்பரப்பு மோதல்கள் கணக்கில் வந்தாக வேண்டும். இதை மென்படலங்களுக்கு 1938இல் ஃபுக்ஸ் கணக்கிட்டார். கம்பி மெலிய மெலியப் படிக மணிகளும் சிறுத்துவிடுவதால் அவற்றின் எல்லைகளே பெரும் தடையாகின்றன என்பதை 1970இல் மயாடாஸும் ஷாட்ஸ்கஸும் காட்டினார்கள். இவை எல்லாம் மீட்சி மோதல்கள். மெலிவும் அழுக்கும் சேர்ந்து மின்தடையை உயர்த்துகின்றன, வெப்பக் கடத்தலைக் குறைக்கின்றன. ஆனால் இரண்டையும் ஒரே விகிதத்தில். குறைந்த வெப்பநிலையில், தூய செம்பு வீடெமான்-ஃப்ரான்ஸ் விதியை மீறும் இடத்தில், அழுக்கான செம்புக் கம்பி அதற்குப் பணிகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த உண்மைகளுள் இது ஒன்று.

இனி ஒரு குறிப்பிட்ட கம்பியை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். அகலம் 100 நானோமீட்டர், தடிமன் 50 நானோமீட்டர், நீளம் 10 மைக்ரோமீட்டர்; குறைந்த வெப்பநிலையில் மோதலிடைத் தூரம் 25 நானோமீட்டர் உள்ள செம்பு. கடத்தலில் பங்குகொள்ளும் எலக்ட்ரான்களின் வேகம், அதாவது ஃபெர்மி வேகம், நொடிக்கு 1.57 × 10⁶ மீட்டர் என்பதால், அவை எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதைச் சொல்லும் விரவல் எண் நொடிக்கு 0.013 சதுர மீட்டர். மின்தடை ஏறத்தாழ 53 ஓம். ஓர் எலக்ட்ரான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகப் போவதில்லை. தாறுமாறாகத் திரும்பித் திரும்பி விரவிப் போகிறது. அதற்கு ஏறத்தாழ 8 நானோநொடி ஆகும்.

இந்தக் கம்பியின் இரு முனைகளும் 0.05 கெல்வினில் உள்ள பெரிய உலோகத் திட்டுகளோடு இணைந்திருக்க, குறுக்கே 0.1 மில்லிவோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் 2 மைக்ரோஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. வெளிப்படும் திறன் 0.2 நானோவாட். மிகச் சிறிய அளவுதான். ஆனால் கம்பியின் நடுவே எலக்ட்ரான்களின் வெப்பநிலை 0.32 கெல்வினுக்கு ஏறிவிடும், அதாவது முனைகளைவிட ஆறு மடங்குக்கும் மேல். இந்த எண் எப்படி வருகிறது? வெப்பக் கடத்துதிறன் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், வெப்பநிலையின் வர்க்கம் கம்பியின் நீளவாக்கில் ஒரு பரவளையமாக அமைகிறது. நடுப்புள்ளியில் வெப்பநிலையின் வர்க்கம், முனையின் வெப்பநிலை வர்க்கத்தோடு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தை லோரென்ஸ் எண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைப்பதைக் கூட்டியதற்குச் சமம். கம்பியின் நீளம், அகலம், மின்தடை, அது செம்பா வெள்ளியா, எத்தனை அழுக்கு என்று எதுவும் இந்தச் சமன்பாட்டில் இல்லை. தடை கூடினால் வெளிப்படும் வெப்பம் குறைகிறது. வெப்பம் வெளியேறும் வழியும் அதே அளவில் குறுகுகிறது. இரண்டும் சரியாகக் கழிந்துபோகின்றன.

இந்தச் சமன்பாடு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: எலக்ட்ரான்களின் வெப்பம் முனைகள் வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். வழியிலேயே அது ஃபோனான்களுக்குக் கைமாறினால் கணக்கு மாறிவிடும். குளிர்நிலையில் இந்தக் கைமாற்றம் மிக மெதுவாக நடக்கிறது. ஓர் அலகு கனஅளவில் எலக்ட்ரான்கள் ஃபோனான்களுக்குத் தரும் திறன், இருவரின் வெப்பநிலைகளின் ஐந்தாம் அடுக்குகளின் வேறுபாட்டைப் பொறுத்தது. செம்புக்கு அதன் பெருக்குக் காரணி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 × 10⁹ வாட்/கெல்வின்⁵. எலக்ட்ரான்களின் வெப்ப ஏற்புத்திறனையும் சேர்த்துப் பார்த்தால், 1 கெல்வினில் ஓர் எலக்ட்ரான் தன் மிகை ஆற்றலை ஃபோனான்களுக்குத் தர 10 நானோநொடி எடுக்கிறது. அதற்குள் அது 10 மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல் விரவிவிடுகிறது. 0.1 கெல்வினில் அந்த நேரம் 10 மைக்ரோநொடியாகவும், தூரம் ஒரு மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகவும் ஆகிறது. நம் கம்பியின் நீளத்தோடு ஒப்பிட்டால் அது முப்பது மடங்குக்கும் மேல். அதாவது எலக்ட்ரான்கள் சூடாகவும், அவை ஓடும் அதே கம்பியின் அணுக்கள் குளிராகவும், ஒன்றோடொன்று ஏறத்தாழத் தொடர்பின்றி இருக்கின்றன. ஒரே கம்பிக்கு இரண்டு வெப்பநிலைகள் என்று சொல்வது இங்கே வெறும் பேச்சுவழக்கு அன்று. இரண்டையும் தனித்தனியே அளக்கலாம்.

மின்னழுத்தத்தை 10 மில்லிவோல்ட்டுக்கு உயர்த்தினால் நிலைமை தலைகீழாகும். முனைகள் வழி மட்டுமே வெப்பம் வெளியேறுவதாகக் கொண்டால் நடுப்பகுதி 32 கெல்வினை எட்ட வேண்டும். ஆனால் அந்த வெப்பநிலைகளில் ஃபோனான்கள் விரைந்து செயல்படுகின்றன; அணுக்களின் அடுக்கான அணிக்கோவை குளிராகவே வைக்கப்பட்டிருந்தால், எலக்ட்ரான்களின் வெப்பநிலை ஏறத்தாழ 7 கெல்வினிலேயே நின்றுவிடும். ஐந்தாம் அடுக்கின் வலிமை அது. ஒழுங்கின்மை உண்மையிலேயே குறுக்கிடும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபோனானின் அலைநீளம் எலக்ட்ரானின் மோதலிடைத் தூரத்தைவிட நீண்டுவிடும்போது, எலக்ட்ரான்-ஃபோனான் மோதலையும் மாசு மோதலையும் தனித்தனி நிகழ்வுகளாகக் கருத முடியாது. மாசு அணுக்கள் அதிரும் அணிக்கோவையோடு சேர்ந்து அசைகின்றனவா, அசையாமல் நிற்கின்றனவா என்பதைப் பொறுத்து ஐந்தாம் அடுக்கு ஆறாகவோ நான்காகவோ மாறலாம் என்று கொள்கை சொல்கிறது. செம்புக் கம்பிகளில் பல அளவீடுகள் ஐந்தோடு நன்கு பொருந்துகின்றன. மிக அழுக்கான படலங்களில் மற்ற அடுக்குகளும் காணப்பட்டிருக்கின்றன.

இதுவரை எலக்ட்ரான்களின் வெப்பநிலை என்று தயக்கமின்றிச் சொல்லிவந்தேன். வெப்பநிலை என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் எலக்ட்ரான்கள் தமக்குள்ளாவது ஆற்றலைப் பகிர்ந்து ஒரு சமநிலைக்கு வந்திருக்க வேண்டும். 1.5 மைக்ரோமீட்டர் நீளமுள்ள கம்பியை எலக்ட்ரான் 0.2 நானோநொடிக்குள் கடந்துவிடுகிறது. மற்றோர் எலக்ட்ரானோடு ஆற்றலைப் பகிர அந்த நேரம் போதாமல் போகலாம். அப்போது கம்பியின் நடுவே இருப்பவை இரண்டு வகை எலக்ட்ரான்கள்: இடப்பக்கத் திட்டிலிருந்து தன் ஆற்றல் மாறாமல் வந்தவை, வலப்பக்கத் திட்டிலிருந்து அவ்வாறே வந்தவை. எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான்கள் என்று வரைந்தால், சமநிலைக்குரிய, வழுவழுப்பாக இறங்கும் ஃபெர்மி வளைவு வராது; இரண்டு படிகளும் அவற்றிடையே ஒரு சமதளமும் வரும். 1997இல் போத்தியேவும், தெவொரே உள்ளிட்ட அவருடைய சக ஆய்வாளர்களும் பிரான்சின் சக்லே ஆய்வுக்கூடத்தில் செம்புக் கம்பிகளின் மேல் ஒரு மீக்கடத்திச் சுரங்கச் சந்தியை (மின்தடையற்ற உலோகமான மீக்கடத்திக்கும் கம்பிக்கும் இடையே, எலக்ட்ரான்கள் ஊடுருவிச் செல்லக்கூடிய மிக மெல்லிய தடுப்பு) வைத்து இந்த இரட்டைப் படியை நேரடியாகவே அளந்தார்கள். கம்பி நீள நீளப் படிகளின் முனை மழுங்கியது. அது எவ்வளவு விரைவாக மழுங்குகிறது என்பதிலிருந்து எலக்ட்ரான்கள் தமக்குள் ஆற்றலைப் பகிரும் வேகம் கிடைத்தது.

அதன் தொடர்ச்சி பயனுள்ள பாடம். ஒழுங்கற்ற மெல்லிய கம்பியில் இரு எலக்ட்ரான்கள் பரிமாறும் ஆற்றல் சிறுத்தால் அப்பரிமாற்றத்தின் வலிமை அந்த ஆற்றலின் 3/2 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் கூடும் என்பது அல்ட்ஷுலரும் அரோனோவும் வகுத்த கொள்கையின் முடிவு. செம்பில் அளந்தபோது அடுக்கு 3/2 அன்றி 2 எனத் தோன்றியது, வலிமையும் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தது. கொள்கையே தவறோ என்ற ஐயம் சில ஆண்டுகள் நிலவியது. 2001இல் காமின்ஸ்கியும் கிளாஸ்மனும், மில்லியனில் ஒரு பங்கு என்ற அளவில் கலந்திருக்கும் காந்த மாசு அணுக்களே இடைத்தரகர்களாக நின்று எலக்ட்ரான்களிடையே ஆற்றலைப் பரிமாறச் செய்யக்கூடும் என்று காட்டினார்கள். காந்தப் புலம் கொடுத்தால் அந்த அணுக்களின் தற்சுழற்சி ஒரே திசையில் உறைந்து பரிமாற்றம் குறைய வேண்டும். பின்னர் நடந்த அளவீடுகளில் அவ்வாறே குறைந்தது. மின்தடையில் சுவடே தெரியாத அளவு மாசு, ஆற்றல் பகிர்வை முற்றிலும் மாற்றிவிடுகிறது.

இரட்டைப் படி இருக்கும்போது வெப்ப ஓட்டம் மாறுமா என்றால், மாறாது. எலக்ட்ரான்கள் தமக்குள் மோதும்போது அவற்றின் மொத்த ஆற்றல் அப்படியே இருப்பதால், கம்பியின் ஒவ்வோர் இடத்திலும் உள்ள ஆற்றலின் அளவு அந்த மோதல்கள் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒன்றே. மேலே சொன்ன பரவளையமும் ஆற்றலின் பரவலாக அப்படியே செல்லும். வேறுபாடு தெரிவது மின்னோட்டத்தின் இரைச்சலில். தனித்தனித் துகள்களாக, ஒன்றோடொன்று தொடர்பின்றி வரும் ஓட்டத்துக்குரிய முழு இரைச்சலோடு ஒப்பிட்டால், பகிர்வு நடக்காத குறுங்கம்பியில் அதன் மூன்றில் ஒரு பங்கும், எலக்ட்ரான்கள் தமக்குள் சமநிலைக்கு வந்துவிட்ட கம்பியில் 0.43 பங்கும், ஃபோனான்கள் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் நெடுங்கம்பியில் அதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். 1996இல் ஸ்டைன்பாக், மார்ட்டினிஸ், தெவொரே ஆகியோர் வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் இந்த வரிசையை அளந்தார்கள். இரைச்சலே இங்கே வெப்பமானியாகிறது.

முனைகள் என்னவாக இருக்கின்றன என்பதும் முக்கியம். சாதாரண உலோகத் திட்டுகளுக்குப் பதில் மீக்கடத்தித் திட்டுகளை இணைத்தால் மின்னோட்டம் தங்குதடையின்றிப் போகும், வெப்பம் போகாது. மீக்கடத்தியின் ஆற்றல் இடைவெளிக்குக் கீழே உள்ள எலக்ட்ரான் உள்ளே நுழைய முடியாமல் துளையாக (எலக்ட்ரான் இல்லாத காலி இடமாக) திருப்பி அனுப்பப்படுகிறது. மின்னூட்டம் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்த இணையாக உள்ளே சென்றுவிடுகிறது, ஆற்றல் கம்பிக்கே திரும்பிவிடுகிறது. 1964இல் ஆந்த்ரேயெவ் விளக்கிய இந்த எதிரொளிப்பால், கம்பியின் எலக்ட்ரான்கள் வெப்பத்தைப் பொறுத்தவரை அடைபட்டுக் கிடக்கின்றன. வெளியேறும் ஒரே வழி ஃபோனான்கள். வீடெமான்-ஃப்ரான்ஸ் விதியைக் கம்பி முழுவதற்குமாகப் பார்த்தால் இதைவிடப் பெரிய மீறல் கிடையாது, ஆயினும் கம்பிக்குள் விதி அப்படியே இருக்கிறது. எலக்ட்ரான்-ஃபோனான் கைமாற்றத்தை அளக்கவும், மிக நுண்ணிய கதிர்வீச்சை உணரும் கருவிகளைச் செய்யவும் இந்த ஏற்பாடு பயன்படுகிறது.

ஃபோனான்கள் தாமே கம்பியின் வழியே எவ்வளவு வெப்பத்தைக் கொண்டுபோகும்? கம்பி அடித்தளத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பதாகக் கொள்வோம். 0.1 கெல்வினில் ஃபோனான்களின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். நம் கம்பியின் அகலத்தைவிடப் பத்து மடங்கு. ஆகவே குறுக்குவாட்டில் அதிர்வுகளுக்கு இடமில்லாமல், ஒரு நீள அதிர்வு, ஒரு முறுக்கு அதிர்வு, இரண்டு வளைவு அதிர்வுகள் என நான்கு வழிகளே எஞ்சுகின்றன. ஒவ்வொரு வழியும் கடத்தக்கூடிய வெப்பத்துக்குக் குவாண்டம் இயற்பியல் ஓர் உச்சவரம்பை வைத்திருக்கிறது: வெப்பநிலையை 9.46 × 10⁻¹³ வாட்/கெல்வின்² என்ற எண்ணால் பெருக்கினால் கிடைப்பது. 2000இல் ஷ்வாப், ரூக்ஸ் ஆகியோரின் குழு சிலிக்கான் நைட்ரைடு பாலங்களில் இந்த வரம்பை அளந்து உறுதிசெய்தது. நான்கு வழிகளையும் சேர்த்தால் நம் கம்பியின் ஃபோனான் வெப்பக் கடத்தல் அதிகபட்சம் 3.8 × 10⁻¹³ வாட்/கெல்வின். எலக்ட்ரான்களின் கடத்தலோ 4.6 × 10⁻¹¹. நூறு மடங்குக்கும் மேல். ஆகவே செம்புக் கம்பியில் ஃபோனான்களைக் கழித்துவிடலாம். மின்தடை எண் செம்பைவிட நூறு மடங்கு உள்ள உலோகக் கண்ணாடிகளில் அப்படிச் செய்ய முடியாது: அறை வெப்பநிலையில் அவற்றின் எலக்ட்ரான்கள் மீட்டருக்குக் கெல்வினுக்கு 5 வாட் அளவே கடத்துவதால், ஃபோனான்களின் சிறு பங்கும் கண்ணில் படும் அளவுக்கு வந்துவிடுகிறது. அதைக் கழிக்காமல் கணக்கிட்ட லோரென்ஸ் எண் கொள்கை மதிப்பைவிடப் பெரிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

குவாண்டம் குறுக்கீட்டு விளைவுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒழுங்கின்மை போதிய அளவு மிகுந்தால் எலக்ட்ரான் அலை ஓரிடத்திலேயே சிறைப்பட்டுவிடும் என்று 1958இல் ஆண்டர்சன் காட்டினார். மெல்லிய கம்பி எவ்வளவு நல்ல உலோகத்தால் ஆனாலும், அதன் மின்தடை ஏறத்தாழ 10,000 ஓமைத் தாண்டும் நீளத்தில் இந்தச் சிறைப்படல் வந்தே தீரும் என்று 1977இல் தௌலெஸ் வாதிட்டார். நம் கம்பியின் குறுக்குவெட்டில் எலக்ட்ரான் அலைக்கு ஏறத்தாழ 70,000 வழிகள் இருக்கின்றன. 10,000 ஓம் வர அது 2 மில்லிமீட்டர் நீளமாக வேண்டும். அவ்வளவு தூரம் எலக்ட்ரான் அலையின் கட்டம், அதாவது அதன் ஏற்ற இறக்க ஒழுங்கு, கலையாமல் இருப்பதில்லை; மிகக் குளிர்ந்த நிலையிலும் சில மைக்ரோமீட்டரிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டருக்குள் கலைந்துவிடுகிறது. ஆகவே நடைமுறையில் தெரிவது சிறைப்படலின் முன்னறிகுறி மட்டும்: ஒரு சுற்றை ஒரு திசையிலும் அதன் எதிர்த்திசையிலும் சுற்றிவரும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால் ஏற்படும் சிறு தடை உயர்வு. இது மின்கடத்தலையும் வெப்பக் கடத்தலையும் ஒருசேரக் குறைக்கிறது; விதி இங்கும் தப்பிவிடுகிறது.

விதியை உண்மையாகவே அசைப்பது எலக்ட்ரான்களின் மின்விலக்கமும் ஒழுங்கின்மையும் சேர்ந்து செய்யும் வேலை. விரவிச் செல்லும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விட்டு விரைவில் விலகிப்போக முடிவதில்லை. அதனால் அவற்றிடையேயான விசை வலுவடைகிறது. அந்த விசை நெடுந்தூரம் எட்டுவது என்பதால், எலக்ட்ரான் தான் இருக்கும் இடத்திலிருந்து நகராமலேயே தன் ஆற்றலைத் தொலைவில் உள்ள இன்னொன்றுக்குக் கொடுத்துவிட முடியும். மின்னூட்டம் நகரவில்லை, வெப்பம் நகர்ந்துவிட்டது. இந்தக் கூடுதல் வழியை 2005இல் கட்டெலானியும் அலைனெரும், தனியாக நிவெனும் ஸ்மித்தும் கணக்கிட்டார்கள். அதற்கு முன் இக்கேள்விக்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகள் இருந்தன. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். நம் கம்பியில் 0.1 கெல்வினில் இத்தகைய திருத்தம் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு என்ற அளவில் இருக்கும். ஆயிரக்கணக்கான ஓம் தடையுள்ள கம்பியில்தான் அது அளவிடத்தக்கதாகும். மெல்லிய உலோகக் கம்பியில் விதி பெருமளவு மீறப்பட்டதாக ஓர் அளவீடு சொன்னால், இந்த விளைவைக் காரணமாகக் காட்டுவதற்கு முன் இந்த எண்ணைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

வழிகள் ஒன்றிரண்டாகச் சுருங்கிய உண்மையான ஒருபரிமாணக் கடத்தியில் கதை வேறு. அங்கே எலக்ட்ரான்கள் தனித்துகள்களாகவே இயங்குவதில்லை. மின்னூட்டம் செல்ல முடியாத தடையையும் வெப்பம் கடந்துவிடலாம் என்று 1996இல் கேனும் ஃபிஷரும் காட்டினார்கள். ஆனால் வழிகள் குறைந்துவிட்டாலே விதி உடைந்துவிடும் என்றும் கொள்ள வேண்டாம். 2017இல் இரண்டு குழுக்கள் தங்கத்தை இழுத்து ஓரணு அகலத்துக்கு மெலியவைத்து, அறை வெப்பநிலையிலேயே அதன் வெப்பக் கடத்தல் படிப்படியாக மாறுவதை அளந்தன. ஒவ்வொரு படியும் மின்கடத்தலின் படியோடு வீடெமான்-ஃப்ரான்ஸ் விகிதத்திலேயே இருந்தது.

இவற்றை எப்படி அளப்பது என்பதையும் கேள்வியின் பகுதியாகவே கொள்கிறேன். கம்பி கண்ணாடிபோன்ற சிலிக்கான் டை ஆக்சைடின் மேல் கிடந்தால், அறை வெப்பநிலையில் வெப்பம் கம்பியின் வழியே ஒரு மைக்ரோமீட்டரும் போவதில்லை, அதற்குள் கீழே இறங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட அளவீடு ஆக்சைடைப் பற்றிச் சொல்லும், கம்பியைப் பற்றிச் சொல்லாது. ஆகவே கம்பியை அந்தரத்தில் நிறுத்தி, வெற்றிடத்தில் வைத்து, மின்னோட்டத்தால் சூடாக்கி, அதன் தடை மாற்றத்தையே வெப்பமானியாகக் கொள்ள வேண்டும். சிறு சூடேற்றத்துக்குச் சராசரி வெப்பநிலை உயர்வு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தை லோரென்ஸ் எண்ணையும் வெப்பநிலையையும் 12ஆல் பெருக்கியதால் வகுத்தால் கிடைப்பது. கம்பியின் அகலத்தையோ தடிமனையோ அளக்காமலேயே லோரென்ஸ் எண்ணை இதிலிருந்து பெறலாம். மெல்லிய கம்பிகளில் குறுக்குவெட்டைத் துல்லியமாக அளப்பதே கடினம் என்பதால் இது பெரிய நன்மை. 300 கெல்வினில் 10 மில்லிவோல்ட்டுக்கு உயர்வு 1.1 கெல்வின். தூய செம்பின் தடை கெல்வினுக்கு 0.39 விழுக்காடு கூடும். நம் அழுக்குக் கம்பியின் தடையில் பெரும்பகுதி வெப்பநிலையால் மாறாத மாசுத் தடை என்பதால் அது ஏறத்தாழ 0.16 விழுக்காடுதான். 86 ஓம் கம்பியில் 0.15 ஓம் மாற்றத்தை அளக்கவேண்டியிருக்கும், அது எளிதே.

பிழைகள் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும் முன்கூட்டியே அறியலாம். வெப்பம் வேறு வழியில் கசிந்தால் உயர்வு குறைந்து, லோரென்ஸ் எண் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். முனைத் திட்டுகள் தாமே சூடானால் உயர்வு மிகுந்து, எண் சிறிதாகத் தெரியும். இரண்டையும் பிரித்தறிய, ஒரே படலத்திலிருந்து வெவ்வேறு நீளங்களில் கம்பிகளைச் செய்து ஒரே மின்னழுத்தத்தில் ஒப்பிட வேண்டும். கசிவின் விளைவு நீளத்தின் வர்க்கத்தோடு வளரும், திட்டுகளின் விளைவு நீளம் கூடக் கூடத் தேயும், கம்பிக்கே உரிய லோரென்ஸ் எண் எல்லா நீளங்களிலும் ஒன்றாகவே இருக்கும்.